வினைல் தட்டின் ஒரு பக்கத்துக்கு எத்தனை நிமிடம்?

சைகடெலிக் ராக் வாசித்தவர் டான்ஸ் மியூசிக் பக்கம் திரும்பினால் "காசுக்காகப் போயிட்டார்" என்று சொல்வதற்கு எப்போதும் நாலு பேர் இருக்கிறார்கள். ஜெர்மன் கிட்டார் கலைஞர் மானுவல் கோட்ஷிங்கை வரிசையாகக் கேட்டால் அப்படிச் சொல்ல வாய் வராது. 1970இல் பெர்லினில் தொடங்கிய அவருடைய ஆஷ் ரா டெம்பல் குழுவின் முதல் ஆல்பத்தில் தட்டின் பக்கத்துக்கு ஒரே பாட்டுதான். 1975இல் வந்த 'இன்வென்ஷன்ஸ் ஃபார் எலக்ட்ரிக் கிட்டார்' முழுக்க ஒற்றைக் கிட்டாரும் எக்கோவும். ஒரு சுரத்துக்கும் அதன் எக்கோவுக்கும் நடுவிலுள்ள இடைவெளியே தாளமாகிவிடுகிறது. டிரம்ஸே இல்லை, ஆனாலும் கால் ஆடும். 1981 டிசம்பர் 12 அன்று ஒரே மூச்சில் பதிவான 'இ2-இ4' இதற்கு அடுத்த படி: சுரங்களைத் தானே திரும்பத் திரும்ப வாசித்து ஓடிக்கொண்டே இருக்கும் சீக்வென்சர், மாறி மாறி வரும் இரண்டு கார்டுகள் (சுரக்கூட்டுகள்), பாதி தாண்டிய பிறகு நுழையும் கிட்டார். 1984இல் கிளாஸ் ஷுல்ஸின் இன்டீம் லேபிளில் வெளிவந்த அதை நியூயார்க்கின் பாரடைஸ் கராஜ் கிளப்பில் டிஜே லாரி லெவன் ஒலிக்கவிட்டார். 1989இல் இத்தாலியின் சுவேனோ லத்தீனோ குழு, 1994இல் டெட்ராய்ட்டின் டெக்னோ கலைஞர் கார்ல் கிரெய்க் என்று அதை வைத்துப் புதிய டான்ஸ் பாட்டுகள் கிளைவிட்டன. கோட்ஷிங் எங்கும் தாவவில்லை. திரும்பத் திரும்ப வரும் அந்தச் சுழற்சி முதலிலிருந்தே அவரிடம் இருந்தது.

அதனால் இசை மாறுவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் கவலை அதைப் பதிக்கும் வினைல் தட்டு பற்றியது. இன்று இதே பாதையில் போகிற பலர் 300 பிரதி வினைல் போடுகிறார்கள். இசை டான்ஸுக்கு மாறியிருக்கும். மிக்ஸ் செய்யும் பழக்கம் மட்டும் பழையபடியே இருக்கும்.

முதலில் நீளம். 12 அங்குலத் தட்டின் வெளி விளிம்பில் 33 வேகத்தில் (நிமிடத்துக்கு 33 சுற்று) ஊசிக்கடியில் விநாடிக்குச் சுமார் 51 செ.மீ. பள்ளம் ஓடுகிறது. கடைசி வளையத்தில் அது 21 செ.மீ. மட்டுமே. 45 வேகத்தில் இவை 69, 28. பேஸ் கனமாக இருந்தால் பள்ளம் அகலமாக வளையும், பக்கத்துப் பள்ளத்தை விட்டு விலகி நிற்க இடம் கேட்கும். கிளப்பில் கிக் டிரம் நெஞ்சில் இடிக்க வேண்டுமென்றால் 45இல் பத்து நிமிடத்துக்குள், 33இல் பதினான்கு பதினைந்துக்குள் முடிக்க வேண்டும். 25 நிமிடத்தை ஒரு பக்கத்தில் திணித்தால் பள்ளத்தை வெட்டும் கட்டிங் எஞ்சினியருக்கு ஒலி அளவையும் பேஸையும் குறைப்பதைத் தவிர வழியில்லை. 'இ2-இ4' எல்.பி.யே பக்கத்துக்கு அரை மணி நேரம். வீட்டில் உட்கார்ந்து கேட்க அருமை, அதோடு சரி.

அடுத்தது பேஸ் ஒலியின் மீது ஃபேஸர், கோரஸ், அகலமான ரிவெர்ப் போன்ற ஒலியை விரிக்கும் எஃபெக்ட்டுகளைப் போடும் வழக்கம். இடது வலது சேனல்களில் பேஸ் எதிரெதிர் கட்டத்தில் (ஒன்றின் அலை ஏறும்போது மற்றதன் அலை இறங்கும்படி) இருந்தால் ஊசி பக்கவாட்டில் போகாமல் மேலும் கீழும் ஆடும். பள்ளம் ஆழமிழந்து ஊசி எகிறும். எஞ்சினியர் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் மோனோ ஆக்கித் தட்டைக் காப்பாற்றுவார். ஆனால் எதிர்க்கட்டத்தில் இருந்த பேஸ் ஒன்றையொன்று தின்றுவிடும், கிக் சப்பென்று ஆகிவிடும். இதை மிக்ஸிலேயே சரிசெய்வதுதான் முறை: கிக்கும் பேஸும் எஃபெக்ட் இல்லாமல் நடுவில், எக்கோவுக்கும் ரிவெர்புக்கும் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை நீக்கும் ஹை-பாஸ். கிட்டார் எவ்வளவு வேண்டுமானாலும் விரியட்டும்.

பலரும் கவனிக்காதது உச்சம் வரும் இடம். சைகடெலிக் பாட்டு மெல்ல ஏறிக் கடைசியில் வெடிக்கும். தட்டில் அந்தக் கடைசிதான் உள்வளையம், ஒலி கரகரக்கும் இடம். ஹை-ஹேட்டும் ஃபஸ் கிட்டாரும் அங்கே சேர்ந்து வந்தால் மணலை அரைப்பது போலிருக்கும். உச்சத்தை முக்கால் பாகத்தில் முடித்துவிட்டுக் கடைசி ஒரு நிமிடத்தை வெறும் தாளத்துக்கு விட்டால் தட்டும் பிழைக்கும், அடுத்த பாட்டை இணைக்க டிஜேவுக்கும் இடம் கிடைக்கும்.

மொத்தமாக அடிக்கும் முன் சோதனைக்கு அனுப்பும் டெஸ்ட் பிரஸ்ஸிங் வந்ததும் எல்லாப் பிரதிகளையும் கேளுங்கள். ஒரே இடத்தில் எல்லாவற்றிலும் 'டிக்' வந்தால் கோளாறு முதலில் வெட்டிய மூலத் தட்டான லேக்கரிலோ, அதிலிருந்து முலாம் பூசி எடுத்த உலோக அச்சான ஸ்டாம்பரிலோ இருக்கிறது. மறுபடி கட் செய்யவோ முலாம் பூசவோ சொல்ல வேண்டும். ஒன்றில் மட்டும் வந்தால் அந்தத் தட்டை அழுத்தியபோது நேர்ந்த பிழை. நீண்ட சின்த் சுரம் அலைந்தால் நடுத்துளை விலகியிருக்கிறது.

குறைந்த பிரதி என்பதில் தவறே இல்லை. கட்டிங், முலாம், ஸ்டாம்பர் செலவு 100 தட்டுக்கும் 500 தட்டுக்கும் ஒன்றுதான். விற்கிற அளவுக்குப் போடுவது நியாயம். அதே ஸ்டாம்பரில் நாலு நிறத்தில் அடித்து ஒரே ரசிகரை நாலு முறை வாங்க வைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

வாங்குகிறவர்கள் நிறத்தைப் பார்க்கும் முன் பக்கத்துக்கு எத்தனை நிமிடம், 33ஆ 45ஆ, யார் கட் செய்தது என்று பாருங்கள். லேபிளை ஒட்டிய வெற்று வளையத்தில் பெரும்பாலும் கட் செய்தவரின் கையெழுத்தோ முதலெழுத்தோ கீறியிருக்கும்.