தின்று தீர்க்க முடியாத முள்ளெலி

ஆஸ்திரேலியாவின் தெற்குத் தீவான டாஸ்மேனியாவில் பெருகித் தொல்லை தரும் கடல் முள்ளெலி (எலி இல்லை, உருண்டை ஓட்டில் முள் நிறைந்த கடல் உயிரி) பற்றிப் பேச்செடுத்தாலே, "பிடிச்சு ஜப்பானுக்கு வித்துட்டா ரெண்டே வருஷத்துல காலி" என்று யாராவது ஒரு தீர்வு வைத்திருப்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

இந்த நீளமுள் முள்ளெலிக்குச் சொந்த ஊர் வடக்கே இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலக் கரை. டாஸ்மேனியாவில் முதலில் கண்ணில் பட்டது 1978இல். 12 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த நீரில் அதன் இளம்புழுக்கள் சரியாக வளராது. டாஸ்மேனியாவின் குளிர்காலக் கடல் அப்படித்தான் இருந்தது. கிழக்கு ஆஸ்திரேலிய நீரோட்டம் வலுத்து வெதுவெதுப்பான நீரைத் தெற்கே தள்ள, புழுக்களும் கூடவே வந்து குடியேறிவிட்டன. 2016-17 கணக்கெடுப்பில் கிழக்குக் கரையில் சுமார் 2 கோடி. கெல்ப் என்னும் பெரிய கடற்பாசிக் காட்டை மேய்ந்து பாறையை மொட்டையாக்கிவிடும். 2001-02இல் பாறைப் பரப்பில் 3 சதவீதம் மொட்டை. 15 ஆண்டில் அது 15 சதவீதம். பாசியை நம்பியிருக்கும் அபலோன் நத்தைக்கும் பிழைப்பு போச்சு.

சரி, விற்றால் என்ன? முள்ளெலியின் ஓட்டை உடைத்தால் உள்ளே நாக்கு வடிவில் ஐந்து மஞ்சள் சினைகள் ஒட்டியிருக்கும். ஜப்பானியர் காசு கொடுப்பது அதற்குத்தான். பாசியை வயிறாரத் தின்ற முள்ளெலியிடம்தான் அது கொழுத்திருக்கும். மொட்டைப் பாறையில் கிடப்பதை உடைத்தால் சுருங்கிப்போய், விலைபோகாது. பட்டினி கிடந்தும் சாகாமல் ஆண்டுக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்திருக்கும், அதுதான் கொடுமை. அதற்காக எந்த முக்குளிப்பவர் இறங்குவார்? அரசு கிலோவுக்கு மானியம் கொடுத்துப் பிடிக்க வைத்ததை நான் குறை சொல்லவில்லை, பாசி மிச்சமிருக்கும் இடங்களை அது காப்பாற்றும். ஏற்கெனவே மொட்டையான பாறைக்குச் சந்தை போகாது. அங்கே முள்ளெலியை உடைத்துப்போடக் கூலி கொடுத்துத்தான் ஆளிறக்க வேண்டும்.

கூலி கேட்காமல் முள்ளெலியைத் தின்னும் ஆள் ஒன்று உண்டு, சிங்கி இறால். ஆனால் அதன் முதுகு ஓட்டின் நீளம் 14 சென்டிமீட்டராவது இருந்தால்தான் வளர்ந்த முள்ளெலியை மடக்க முடியும். ஆண் சிங்கியைப் பிடிக்கச் சட்டம் விடும் அளவோ 11 சென்டிமீட்டர். வேட்டைக்குத் தயாராகும் முன்பே பாதி சிங்கி சமையலறைக்கு வந்துவிட்டால் கடலில் யார் வேலை பார்ப்பது? 2013 முதல் கிழக்குக் கரையில் பிடிப்பைக் குறைத்து சிங்கியின் இருப்பைப் பெருக்கப் பார்க்கிறார்கள். எனக்கு அது போதாது. சில பாறைகளிலாவது பெரிய சிங்கியைத் தொடவே கூடாது. மீனவர்களுக்குக் கோபம் வரும், நியாயம்தான். அந்த நஷ்டத்தை அரசு ஈடுகட்டட்டும்.