உழைத்தால் உயரலாம் என்று மட்டும் சொல்லாதீர்கள்

சீனாவில் பிறந்த பாலே நடனக் கலைஞர் லி சுன்ஷினின் தன்வரலாறு ‘மாவோஸ் லாஸ்ட் டான்ஸர்’ படித்த முக்கால்வாசிப் பேர் கடைசியில் வந்து நிற்கும் இடம், ‘உழைத்தால் உயரலாம்’. எனக்கென்னவோ அந்தப் புத்தகம் அதைவிடச் சிக்கலான ஒன்றைச் சொல்வதாகத்தான் படுகிறது.

சீனாவில் சிங்தாவ் பக்கத்துக் கிராமம். ஏழு ஆண் பிள்ளைகளில் லி ஆறாமவர். காய்ந்த சர்க்கரைவள்ளிக் கிழங்குதான் பெரும்பாலும் சாப்பாடு. மாவோவின் மனைவி சியாங் சிங்கின் மேற்பார்வையில் இருந்த பெய்ஜிங் நடனப் பள்ளிக்கு ஆள் எடுக்க வந்தவர்கள், லியின் வகுப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். கடைசியாக வெளியேறியவரின் தோளைத் தட்டி, இந்தப் பையனையும் பாருங்களேன் என்கிறார் ஆசிரியர். பாலே என்றால் என்னவென்றே தெரியாத பதினோரு வயசுப் பையன். சோதனையில் காலைத் தூக்கி வளைத்ததில் தொடைத் தசை கிழிகிறது. கத்தினால் கழித்துவிடுவார்கள் என்று பல்லைக் கடித்துக்கொள்கிறான்.

அது போதவில்லை. பண்ணையார் வாரிசுகளை எதிரியாகப் பார்த்த கம்யூனிஸ்ட் ஆட்சி அது; பரம்பரையில் பண்ணையார் யாராவது உண்டா என்று மூன்று தலைமுறையைத் தோண்டுகிறார்கள். வறுமையை மீறி வந்தார் என்று நாம் உருகுகிறோம். அந்தப் பள்ளியின் கதவைத் திறந்துவிட்டதே ஏழை விவசாயி மகன் என்ற அடையாளம்தான்! அதே ஆசிரியர் அன்று வாயைத் திறக்காமல் இருந்திருந்தால்? கூடப் பிறந்த ஆறு பேரும் அதே கிழங்கைத் தின்று வளர்ந்தவர்கள்தானே. அவர்கள் என்ன, சோம்பேறிகளா?

உழைப்பு இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆரம்பத்தில் பாலே அவருக்குப் பிடிக்கவே இல்லை. சியாவ் என்ற ஆசிரியர் வந்த பிறகுதான் வெறி பிடிக்கிறது. கணுக்காலில் மணல் மூட்டை கட்டிக்கொண்டு படிக்கட்டில் தாவித் தாவி ஏறும் பக்கங்களைப் படித்தால் நமக்கே முட்டி வலிக்கும்.

1979இல் ஹூஸ்டன் பாலே குழுவின் இயக்குநர் பென் ஸ்டீவன்சன் அழைப்பில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகருக்குப் போகிறார். 1981இல் அங்கேயே தங்கிவிட முடிவெடுத்ததும் அங்குள்ள சீனத் துணைத் தூதரகத்துக்குள் 21 மணி நேரம் பிடித்துவைக்கிறார்கள். இதைச் சுதந்திரக் கதை என்று கொண்டாடுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: ஒரு குடியானவப் பையனை எடுத்து ஏழு வருஷம் ஆடப் பழக்கியது, அவர் உதறிவிட்டு வந்த அதே அரசுதான். அதற்காக அந்த அரசு செய்ததெல்லாம் நியாயமாகிவிடாது. வெளியேறியதற்கு விலையாக ஊர்ப்பக்கமே போக முடியாமல் போனது. 1984இல்தான் அப்பா அம்மாவுக்கு அமெரிக்கா வர அனுமதி கிடைக்கிறது. மகன் மேடையில் ஆடி அவர்கள் பார்ப்பது அப்போதுதான். அந்த அத்தியாயத்தை பஸ்ஸில் படிக்காதீர்கள், பக்கத்து சீட்காரர் என்னாச்சு என்று கேட்பார்.

எனக்குக் குறையும் உண்டு. புகழ் வந்த பிறகு எழுத்து மளமளவென்று ஓடுகிறது; போட்டி, பரிசு, அடுத்த ஊர். ஆஸ்திரேலியாவில் ஆடிக்கொண்டே பங்குச் சந்தைத் தரகராக மாறிய மனுஷன் அவர். கிராமத்துக்குக் கொடுத்த பக்கங்களில் பாதியையாவது அதற்கும் கொடுத்திருக்கலாம்.

பிள்ளைகளுக்கென்று சுருக்கிய பதிப்பும் இருக்கிறது. பத்தாவது தாண்டிய பிள்ளை என்றால் முழுப் புத்தகத்தையே கொடுங்கள். கொடுக்கும்போது ‘பார், இவரைப் போல உழை’ என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள்.