இதயத் துடிப்பு நிபுணராகச் சில வாரப் பயிற்சி போதுமா?

அமெரிக்காவில் இதயத் துடிப்புக் கோளாறு நிபுணர்கள், துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவியைத் தயாரிக்கும் நிறுவனங்கள் நடத்தும் சில வாரப் பயிற்சியிலேயே உருவாகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் பகிரப்படும் செய்தி தவறானது. அங்கு மருத்துவப் பட்டத்துக்குப் பின் பொது மருத்துவத்தில் 3 ஆண்டுகளும் இதயவியலில் 3 ஆண்டுகளும் முடித்தவரே, இதயத்தின் மின் இயக்கத்தையும் துடிப்புக் கோளாறுகளையும் ஆராயும் இதய மின்னியங்கியலில் மேலும் 2 ஆண்டுகள், அத்துறையில் தேர்ந்த மூத்த மருத்துவர்களின் நேரடிக் கண்காணிப்பில் பயில்கிறார். கதீட்டர் எனப்படும் மெல்லிய குழாய்களை இரத்த நாளம் வழியே இதயத்துக்குள் செலுத்தி, பிறழ்ந்த துடிப்பு எங்கிருந்து எழுகிறது என்று கண்டறிந்து அந்தத் திசுவைச் சுட்டழிக்கும் திறன், ஆசான் அருகில் நின்று திருத்தினாலன்றிக் கைவராது. இத்துறையின் முன்னோடி மருத்துவர்களான, நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட்டில் ஹெய்ன் வெல்லன்ஸும் அமெரிக்காவின் பாஸ்டனில் மார்க் ஜோசப்சனும் மாணவர்களை இவ்வாறே உருவாக்கினர். நிறுவனங்கள் தங்கள் கருவிகளைப் பற்றிப் பயிற்சி தருவது உண்மைதான். வதந்திக்கு வித்திட்டது அதுவாகவும் இருக்கலாம். ஆனால் அது கருவியைக் கையாளக் கற்பிப்பதே தவிர, எவரையும் நிபுணராக்குவதன்று.