ஏர் பாக்ஸைக் கழற்ற நினைக்கும் பிள்ளைகளுக்கு

போன வாரம் அக்கா மகன் போன் செய்தான். "மாமா, வண்டிக்கு கோன் ஃபில்டர் போடலாம்னு இருக்கேன். நீங்கதான் முன்னாடி போட்டிருந்தீங்களே, எது நல்லா இருக்கும்?" அவன் வைத்திருப்பதும் என்னுடையதைப் போலவே பழைய கார்ப்ரேட்டர் வைத்த ராயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350. போனில் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. காட்பாடி, சத்துவாச்சாரி, பாகாயம் பக்கம் இதே யோசனையில் இருக்கிற மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

நம்ம ஊரில் தினமும் ஓடுகிற வண்டியில், கம்பெனி வைத்த ஏர் பாக்ஸை, அதாவது ஃபில்டர் உட்காரும் மூடிய பெட்டியைக் கழற்றிவிட்டு, காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்ப்ரேட்டரின் வாயில் நேராக ஒரு கோன் ஃபில்டரை, அதாவது வெளியே திறந்தபடி நிற்கும் கூம்பு ஃபில்டரை மாட்டுவது தப்பு. செய்து பட்டவன் என்பதால் சொல்கிறேன்.

2016ல் போட்டேன். கடையில் இருபது நிமிட வேலை. பாக்ஸைக் கழற்றிப் பையில் போட்டுக் கையில் கொடுத்துவிட்டார்கள். ஜெட், அதாவது கார்ப்ரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சின்ன ஓட்டைத் துண்டு, அதை மாற்ற வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. வெளியே வந்து திராட்டிலைத் திருகினால் காற்றை உறிஞ்சுகிற சத்தம் காது நிறையக் கேட்டது. வண்டி பறக்கிறது என்றே நம்பினேன். பிறகு ஒருநாள் நண்பனைப் பின்னால் உட்கார வைத்து, மொபைல் ஸ்டாப்வாட்ச் பிடிக்கச் சொல்லி, நாலாவது கியரில் 40லிருந்து 70 வருவதற்கு எவ்வளவு நேரம் என்று பார்த்தோம். அடுத்த நாள் பழைய பாக்ஸை மாட்டி அதே ரோட்டில் பார்த்தோம். சொல்லிக்கொள்கிற மாதிரி வித்தியாசமே இல்லை. அந்தச் சத்தத்தை அதுவரை அடக்கி வைத்திருந்தது பாக்ஸ். அது போனதும் சத்தம் வெளியே வந்தது, நான் அதை வேகம் என்று எடுத்துக்கொண்டேன். அப்படித் தெரிந்த பிறகும் அந்தச் சத்தத்துக்காகவே கோனைத் திரும்ப மாட்டினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இரண்டு மூன்று வாரத்தில் தொந்தரவு ஆரம்பித்தது. திராட்டிலை விட்டால் சைலன்சரில் பட் பட்டென்று வெடி. பாதி திராட்டிலில் ஒரு தயக்கம். வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அதில் ஆம்பூர் வரை போய் வந்தால் இன்ஜின் பக்கம் கால் வைக்க முடியாது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், பிஸ்கட் நிறத்தில் இருக்க வேண்டியது சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது.

காரணம் எளிமையானது. ஒரு கிராம் பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். கார்ப்ரேட்டரில் இருக்கிற ஜெட்டின் ஓட்டை, அந்தப் பாக்ஸ் வழியாக எவ்வளவு காற்று வரும் என்று கணக்குப் போட்டு வைத்தது. காற்றின் வழியை மாற்றிவிட்டு ஜெட்டைத் தொடாமல் விட்டால் காற்று கூடும், பெட்ரோல் அதற்கு ஏற்றபடி கூடாது. இதைத்தான் மெக்கானிக்குகள் லீன் என்கிறார்கள். கிளாசிக்கில் இன்னொன்றும் உண்டு. அதில் இருப்பது இன்ஜின் இழுக்கும் வேக்குவத்தால் ஸ்லைடு, அதாவது காற்று வழியைத் திறந்து மூடும் தடுப்பு, தானாக ஏறி இறங்கும் கார்ப்ரேட்டர். அது ஒழுங்காக ஏறி இறங்க, வாயில் வரும் காற்று நிதானமாக இருக்க வேண்டும். பக்கவாட்டுக் காற்று நேராக மோதினால் ஸ்லைடு தடுமாறும். அந்தப் பாக்ஸ் தூசிக்கு மட்டும் வைத்தது இல்லை, காற்றை அமைதிப்படுத்தி அனுப்புவதும் அதன் வேலை.

லீனைக்கூட ஜெட் மாற்றிச் சரி செய்யலாம். தூசிக்கு என்ன செய்வது?

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று உள்ளே போகிறது. இங்கிருந்து சென்னைக்கு 140 கிலோமீட்டர், என் வண்டிக்கு நாலு லிட்டர் பெட்ரோல். அப்படியானால் 36,000 லிட்டர் காற்று. தெருவுக்கு வருகிற 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் மூன்று லாரி கொள்ளளவு! அதுவும் எந்தக் காற்று? தார்ப்பாய் மூடாமல் எம்-சாண்ட் ஏற்றிப் போகும் டிப்பருக்குப் பின்னால், சர்வீஸ் ரோட்டின் புழுதியில், காய்ந்து கிடக்கும் பாலாற்றிலிருந்து மே மாதம் கிளம்பும் மணற்காற்றில் இழுக்கிற காற்று. அந்தத் தூசியில் பெரும்பங்கு சிலிக்கா. சாதாரண இரும்பையே கீறும். ஆயிலோடு சேர்ந்தால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குக்கும் சிலிண்டருக்கும் நடுவே உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற மாதிரிதான்.

எனக்கு இதைக் கண்ணால் காட்டியவர் தோட்டப்பாளையம் பக்கம் பட்டறை வைத்திருந்த ஒரு பாய். ஃபில்டருக்கும் கார்ப்ரேட்டருக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் குழாயின் உள்பக்கத்தில் விரலால் கொஞ்சம் கிரீஸ் தடவினார். "ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு வா தம்பி, அப்புறம் பேசலாம்" என்றார். போனேன். அந்தக் கிரீஸைத் தொட்டு இரண்டு விரலுக்கு நடுவே தேய்க்கச் சொன்னார். நறநறவென்று இருந்தது. ஃபில்டரைத் தாண்டி உள்ளே போன மண் அது. அவர் வேறு எதுவும் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. அதற்குள் வண்டி கோனோடு இரண்டு வருடம் ஓடியிருந்தது. ஆயில் குடிக்க ஆரம்பித்து, நீலப் புகை வந்து, கடைசியில் சிலிண்டர், பிஸ்டன், ரிங் எல்லாம் மாற்ற வேண்டியதாயிற்று. 350ல் நன்றாகப் பார்த்துக்கொண்டால் அந்த வேலை அவ்வளவு சீக்கிரம் வரவே வராது.

எல்லா கோன் ஃபில்டரும் குப்பை என்று நான் சொல்லவில்லை. நல்ல கம்பெனியின் எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டர் நல்ல பொருள்தான். ஆனால் அதற்கென்று உள்ள கிளீனரில் கழுவி, நிழலில் உலர்த்தி, அளவாக எண்ணெய் விட வேண்டும். எண்ணெய் காய்ந்துபோனால் தூசியைப் பிடிக்கும் தன்மையே போய்விடும். அந்த வகைதான் பிடிக்கும் என்றால், கம்பெனி பாக்ஸுக்குள்ளேயே உட்காருகிற மாதிரி கிடைக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த இன்ஜெக்ஷன் வண்டிக்காரர்கள், "எங்க வண்டியில சென்சார் இருக்கு, பெட்ரோலை அதுவே பார்த்துக்கும்" என்கிறார்கள். ஓரளவுக்கு உண்மை. ஆனால் மண்ணைத் தடுக்கிற சென்சார் எந்த வண்டியிலும் கிடையாது.

கடைக்காரர்களிடம் எனக்குக் கோபம் உண்டு. ஃபில்டர் விற்கிறவர் ஜெட்டும் வைத்திருக்க வேண்டும், மாட்டியபின் ஓட்டிப் பார்த்து பிளக் நிறத்தைக் காட்டி அனுப்ப வேண்டும். முடியாது என்றால் விற்கக் கூடாது. இருபது வயதுப் பையன் பார்ட் டைம் வேலை பார்த்துச் சேர்த்த காசு அது.

அக்கா மகனிடம் ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியை எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். புதுப் பேப்பர் ஃபில்டர் வாங்கி வைத்துவிட்டேன். முதலில் அவன் பாக்ஸைத் திறந்து பார்க்க வேண்டும். பழைய வண்டியில் மூடியின் ரப்பர் பீடிங் பிய்ந்திருந்தாலே பாதித் தூசி உள்ளே போய்விடும். அப்புறம் குழாயில் கிரீஸ் தடவி அனுப்பப் போகிறேன். ஐந்நூறு கிலோமீட்டர் கழித்து அவனே தொட்டுப் பார்க்கட்டும்.