ஸ்டெப்னி இல்லாம கொழுக்குமலை ஏறுறவங்களுக்கு

சனிக்கிழமை ராத்திரி நம்ம கேரளா பிளாஸ்டர்ஸ் ஃபுட்பால் டீம் ஃபேன்ஸ் குரூப்புல நடந்த கூத்தை எல்லாரும் பாத்திருப்பீங்க. பாக்காதவங்களுக்கு முதல்ல இருந்து சொல்ற பொறுமை எனக்கு இல்ல. என் கமெண்ட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, சுத்தி சிவப்பு வட்டம் போட்டு, கீழ நாலு சிரிப்பு பொம்மை வச்ச அட்மின் சேட்டனுக்கு நன்றி. நான் எழுதுன எதுவும் இதுக்கு முன்னால இத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்ததில்ல.

நான் எழுதுனது ஒரே விஷயம். பிளாஸ்டர்ஸுக்கு ரெண்டாவதா ஒரு ஸ்ட்ரைக்கர், அதான் முன்னால நின்னு கோல் அடிக்கிற ஆள், வேணும், ஒருத்தரை மட்டும் நம்பி சீசனுக்குள்ள இறங்கக் கூடாது. அவ்வளவுதான். இருக்கிற ஸ்ட்ரைக்கர் சரியில்லன்னு நான் சொன்னேனா? கோச்சைத் திட்டுனேனா? மேனேஜ்மென்ட்டைத் திட்டுனேனா? (திட்டணும்னு ஆசை இருக்கு, அதை இன்னொரு நாள் வச்சுக்கலாம்.)

நான் ஜீப் ஓட்டுறவன். சூரியநெல்லியில இருந்து விடிகாலை நாலு மணிக்கு டூரிஸ்ட்டை ஏத்திக்கிட்டு கொழுக்குமலைக்குப் போறவன். அந்த ரோட்டை ரோடுன்னு சொல்றதே மரியாதைக்குத்தான், பூரா கல்லு. மலை தமிழ்நாட்டுல, ஏறுற வழி கேரளாவுல. நடுவுல டயர் பஞ்சரானா ரெண்டு கவர்மென்ட்டும் வந்து தூக்கி விடாது. அதனால ஸ்டெப்னி இல்லாம ஒருத்தனும் வண்டி எடுக்க மாட்டான். டயர் புதுசா, பழசா, எந்தக் கம்பெனின்னு ஒருத்தனும் யோசிக்கிறதில்ல. ஸ்டெப்னி இருக்கா, காத்து இருக்கா, அவ்வளவுதான் கேள்வி. இதைத்தான் நான் கமெண்ட்ல உதாரணமா சொன்னேன். உடனே ஸ்டெப்னின்னா வேற அர்த்தம்னு ஆரம்பிச்சு, கெட்ட ஜோக்கா அடிச்சுத் தள்ளிட்டாங்க. சரி, சிரிங்க. ஆனா பதில் சொல்லிட்டுச் சிரிங்க.

2023-24 ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) சீசனை மறந்துட்டீங்களா? டிசம்பர் கடைசியில கொல்கத்தாவுக்கே போய் மோகன் பகானை 1-0ன்னு ஜெயிச்சு, டேபிள்ல முதலிடத்துல உக்காந்திருந்தோம். கோல் அடிச்சது நம்ம ஸ்ட்ரைக்கர் டிமி, அதான் டயமாண்டகோஸ். அன்னிக்கு ராத்திரி பழைய மூணாறுல வெடி போட்டவங்கள்ல நானும் ஒருத்தன். அதுக்குள்ளயே கேப்டன் லூனாவுக்கு முழங்கால்ல ஆபரேஷன் ஆகியிருந்துச்சு. ஜனவரியில ஃபார்வர்டு பெப்ராவும் காயத்துல போயிட்டார், அந்த சீசனே அவருக்கு முடிஞ்சுது. அப்புறம் நம்ம கதை என்ன ஆச்சு? முதலிடத்துல இருந்த டீம் அஞ்சாவதா வந்து நின்னுச்சு. பிளேஆஃப்ல புவனேஸ்வர்ல ஒடிசாகிட்ட எக்ஸ்ட்ரா டைம்ல 2-1ன்னு தோத்தோம். டிமி 13 கோல் அடிச்சு, லீக்லயே அதிக கோலுக்கான கோல்டன் பூட் வாங்குனார். நம்ம கையில என்ன வந்துச்சு? அடுத்த சீசன் அவர் ஈஸ்ட் பெங்காலுக்குப் போயிட்டார், அதுதான்.

இது முதல் தடவையும் இல்ல. 2019-20ல ஓக்பெச்சே நமக்கு 15 கோல் அடிச்சார், சீசன் முடிஞ்சதும் கிளம்பிட்டார். 2022 பைனல்ல ஹைதராபாத் சட்டையைப் போட்டுக்கிட்டு நமக்கு எதிரா வந்து நின்னவர் அவரேதான். நம்ம கிளப்புல ஸ்ட்ரைக்கருங்கிறவர் கல்யாண வீட்டுப் பந்தல் மாதிரி. விசேஷம் முடிஞ்சதும் பிரிச்சு எடுத்துட்டுப் போயிடுவாங்க. ஒரு பந்தல் போச்சுன்னா இன்னொரு பந்தல் வேணும். இதைச் சொன்னா நான் நெகட்டிவ் ஃபேன்.

"2021-22ல வாஸ்கெஸும் டயஸும் இருந்தாங்களே, பைனல் வரைக்கும் போனோமே"ன்னு ஒரு தம்பி எழுதியிருந்தார். தம்பி, நீங்க என் கட்சிக்குத்தான் பேசுறீங்க, அது உங்களுக்கே தெரியல. ரெண்டு பேர் இருந்தாங்க, ஆளுக்கு எட்டு கோல் அடிச்சாங்க, பைனலுக்குப் போனோம். உடனே இன்னொருத்தர் வந்து, "அது பேக்கப் இல்ல, ரெண்டு பேரும் சேர்ந்து இறங்குனாங்க"ங்கிறார். வார்த்தையில தொங்க வேணாம். ரெண்டு பேர் இருந்தாங்களா இல்லையா? அதைச் சொல்லுங்க.

இன்னொரு கேள்வியை எல்லாரும் பெரிய ஆயுதம் மாதிரி தூக்கிட்டு வர்றாங்க. "2024-25ல ஜிமெனெஸ் 11 கோல் அடிச்சார், நோவா இருந்தார், பெப்ரா இருந்தார், அப்புறம் ஏன் எட்டாவது இடம்?" நல்ல கேள்வி. ஏன்னா பின்னாடி கதவு திறந்து கிடந்துச்சு. அது டிஃபென்ஸ் பிரச்சனை. அதைப் பத்தி இன்னொரு பதிவு போடுறேன். இங்க பேச வேணாம்.

வெளிநாட்டு கோட்டா விஷயம் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டியதுதான், ஒத்துக்கறேன். ஆறு வெளிநாட்டுக்காரங்களைத்தான் ரெஜிஸ்டர் பண்ண முடியும், ஒரே நேரத்துல களத்துல நாலு பேர். ரெண்டு ஸ்ட்ரைக்கர் எடுத்தா நடுவுலயோ பின்னாலயோ ஒரு இடம் குறையும். நியாயம். அதனாலதான் நான் வெளிநாட்டு ஆள்னே சொல்லல. மறுபடி போய்ப் படிங்க, "ரெண்டாவது ஸ்ட்ரைக்கர்"னுதான் எழுதியிருக்கேன். ஒரு இந்தியப் பையனை எடுங்க. உங்களுக்கு மலப்புறத்துப் பையன் வேணுமா, எடுங்க. மிசோரம் பையன் வேணுமா, எடுங்க. ஆனா எடுத்துட்டு பெஞ்சுல உக்கார வச்சு ஊறப்போடாதீங்க. 20 நிமிஷம், 30 நிமிஷம்னு ஆட விடுங்க.

இந்த நாடே ஸ்டெப்னி இல்லாம ஓடுன கதை தெரியுமா, தெரியாத மாதிரி நடிக்கிறீங்களா? சுனில் சேத்ரி 2024 ஜூன்ல கொல்கத்தாவுல குவைத் மேட்ச் ஆடி, அழுது, எல்லாரையும் அழ வச்சு இந்திய அணிக்கு டாட்டா காட்டுனார். ஒரு வருஷம் கூட ஆகல, 2025 மார்ச்சுல 40 வயசுல அவரையே திரும்பக் கூப்பிட்டாங்க. ஷில்லாங்ல மாலத்தீவுக்கு எதிரா கோலும் அடிச்சார். கை தட்டுனோம். கை தட்டும்போதே எனக்கு வெக்கமா இருந்துச்சு. 140 கோடி பேர் இருக்கிற நாட்டுல கோல் அடிக்க ரிட்டயர் ஆன மனுஷனைத்தான் வீட்டுல இருந்து கூட்டிட்டு வரணுமா? முக்கால்வாசி கிளப்பும் ஒன்பதாம் நம்பரை, அதான் ஸ்ட்ரைக்கர் இடத்தை, வெளிநாட்டுக்காரன்கிட்ட குடுத்துட்டு, நம்ம பையங்களை விங்ல ஓட விட்டா வேற என்ன நடக்கும்?

எனக்கு ரொம்ப வலிச்சது இன்னொருத்தர் எழுதுனது. பேர் சொல்ல மாட்டேன், புரொஃபைல் படத்துல பெலேவை வச்சிருக்கிறவர். "நல்ல டீமுக்கு பேக்கப் தேவையில்ல, ஒரு ராஜா போதும்"னு எழுதியிருந்தார். சேட்டா, உங்க வீட்டு மாடியில பிரேசில் கொடி பறக்குது. 1962 உலகக் கோப்பையில ரெண்டாவது மேட்சுலயே உங்க ராஜாவுக்கு அடிபட்டு, மிச்ச டோர்னமென்ட் பூரா வெளியதான். அந்த இடத்துல யார் இறங்குனார்? அமரில்டோ. ஸ்பெயினுக்கு எதிரா ரெண்டு கோல், 2-1ன்னு ஜெயிச்சாங்க. பைனல்லயும் அவர் கோல் அடிச்சார். கோப்பை பிரேசிலுக்கு. கொடி பறக்குற வீட்டுக்காரருக்கு அமரில்டோ பேர் தெரியல, தேயிலைக்காட்டுல ஜீப் ஓட்டுறவனுக்குத் தெரிஞ்சிருக்கு.

எனக்கு அந்தப் பேர் எப்படித் தெரியும்னா, அப்பா. எங்க அப்பா ஃபேக்டரியில வேலை பாத்தவர், எஸ்டேட்டுகளுக்குள்ள நடக்கிற ஃபின்லே ஃபுட்பால் டோர்னமென்ட்ல எங்க எஸ்டேட்டுக்காக டிஃபென்ஸ்ல பேக் ஆடுனவர். லயத்து வாசல்ல உக்காந்து, முழங்காலுக்குத் தைலம் தேச்சுக்கிட்டே இந்தக் கதையெல்லாம் சொல்லுவார். "பெலே விழுந்துட்டான், ஆனா டீம் விழல"ன்னு சொல்லும்போது அவர் குரலே மாறும், என்னமோ அவரே சிலிக்குப் போய் ஆடிட்டு வந்த மாதிரி.

அதனால நானும் ஆடணும்னு ஆசைப்பட்டேன். ஆடுனேன்னு சொல்ல முடியாது, சப்பா, அதான் வெளிய உக்காந்து காத்திருக்கிற மாத்து ஆளா, இருந்தேன். பிளஸ் டூ முடிச்ச வருஷம், ஊர்ல ஒரு டோர்னமென்ட். எங்க டீம்ல முன்னால ஆடுற அண்ணன் ஒருத்தர் இருந்தார், எல்லாப் பந்தும் அவருக்குத்தான். நாலு மேட்ச், ஒரு நிமிஷம் கூட என்னை இறக்கல. ஜெர்சிக்கு மேல ஸ்வெட்டர், ஸ்வெட்டருக்கு மேல ரெயின்கோட்டு, கால்ல அட்டை ஏறுது, அதைப் பிச்சுப் போட்டுக்கிட்டே லைனுக்கு வெளிய உக்காந்திருப்பேன். தண்ணி பாட்டில் எடுத்துக் குடுக்கிறது என் வேலை.

அஞ்சாவது மேட்ச் செமிபைனல். அந்த அண்ணனுக்குக் கணுக்கால் மடங்கிடுச்சு. கடைசி எட்டு நிமிஷம் இருக்கு, 1-1. "டேய் நீ போ"ன்னாங்க. வார்ம்அப் இல்ல, ஒண்ணும் இல்ல. காலெல்லாம் மரத்துப் போய் கட்டை மாதிரி இருக்கு. பனி இறங்கி எதிர் போஸ்ட்டே மங்கலாத்தான் தெரியுது. பந்து வந்துச்சு, எனக்குத்தான் வந்துச்சு, கோலிக்கும் எனக்கும் நடுவுல ஒருத்தரும் இல்ல. அடிச்சேன். போஸ்ட்டுக்கு மேல, வேலிக்கும் மேல, தேயிலைக்குள்ள போயிடுச்சு. பந்தைத் தேடி எடுக்கவே அஞ்சு நிமிஷம் ஆச்சு. பெனால்டியில தோத்தோம். அந்தப் பெனால்டியில தப்பு பண்ணுன ரெண்டு பேரை யாரும் ஒண்ணும் சொல்லல. எனக்கு மட்டும் அந்த மழைக்காலம் பூரா ஒரே பேரு, "தேயிலைக்கு கோல் போட்டவன்." இப்பவும் டீக்கடையில ஒரு பெரியவர் என்னைப் பாத்தா அதைத்தான் சொல்லிக் கூப்பிடுறார்.

இதை எழுதும்போதே தெரியும், கீழ வந்து, "பாத்தியா, பேக்கப்பை இறக்குனா இப்படித்தான்"னு கமெண்ட் போடுவீங்க. போடுங்க. நாலு மேட்சுல பத்துப் பத்து நிமிஷம் என்னை இறக்கியிருந்தா அந்தப் பந்து எங்க போயிருக்கும்னு நான் இருபது வருஷமா யோசிச்சுக்கிட்டு இருக்கேன். நீங்க ஒரு நிமிஷம் யோசிங்க.

சரி, இப்ப அந்தக் கமெண்ட்டுக்கு வர்றேன். சுத்தி வளைச்சு வேற என்னென்னமோ எழுதுனேன், நான் உக்காந்தது இதை எழுதத்தான்.

"பாண்டிக்கெந்து ஃபுட்பால், போயி சென்னையினு கை தட்டெடா." தமிழனுக்கு என்னடா ஃபுட்பால், போய் சென்னையின் டீமுக்குக் கை தட்டுடான்னு அர்த்தம். 63 லைக். அட்மினும் லைக் போட்டிருக்கார், நான் பாத்தேன், அப்புறம் எடுத்துட்டார், அதையும் பாத்தேன்.

சென்னையின் எஃப்சி மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. ஆனா மூணாறுல இருந்து சென்னை எங்க இருக்கு, கொச்சியில நம்ம கலூர் ஸ்டேடியம் எங்க இருக்குன்னு மேப்பைப் பாத்துட்டுப் பேசுங்க. எங்க தாத்தா சங்கரன்கோவில் பக்கத்துல இருந்து கங்காணி பின்னால நடந்து மலையேறி வந்தவர். நான் பொறந்தது இங்க, படிச்சது இங்க, ஓட்டு இங்க, ரேஷன் கார்டு இங்க. சம்பந்தக்காரங்க கல்யாணத்துக்கு போடிக்குப் போனா அங்க எங்களை "மலையாளத்து ஆளுக"ன்னு பந்தியில தனியா உக்கார வைக்காத குறை. இங்க வந்தா பாண்டி. ரெண்டு பக்கமும் எங்களை சப்பாத்தான் வச்சிருக்காங்க. தேவைன்னா கூப்பிடுவாங்க, ஓட்டு சமயத்துல கூப்பிடுவாங்க, ஸ்டேடியம் நிறையணும்னா கூப்பிடுவாங்க.

"ஒருத்தன் சொன்னதுக்கு எல்லாரையும் ஏன் இழுக்கிறே"ன்னு கேப்பீங்க. ஒருத்தன் சொன்னான், சரி. 63 பேர் லைக் போட்டீங்களே, அந்தக் கணக்கை எங்க எழுத? அந்த 63 பேர்ல ரெண்டு பேர் என் ஜீப்புல வந்தவங்க. ஒருத்தருக்கு கொழுக்குமலையில மூச்சு வாங்கி, நான்தான் தோள்ல சாச்சுக் கூட்டிட்டு வந்தேன். அன்னிக்கு நான் சேட்டன். சனிக்கிழமை பாண்டி.

2022 பைனல் நாள் ஞாபகம் இருக்கா? பெனால்டியில தோத்தப்ப டவுன்ல ஸ்கிரீன் முன்னால நின்னு அழுதோமே, அன்னிக்கு யார் தமிழ்ல அழுதா, யார் மலையாளத்துல அழுதான்னு யாராவது பிரிச்சுப் பாத்தீங்களா? எனக்குத் தோள்ல கை போட்டது நீங்கதான் அட்மின் சேட்டா. "அடுத்த கொல்லம் எடுக்காம்டா", அடுத்த வருஷம் கோப்பையை எடுக்கலாம்டான்னீங்க. எத்தனை கொல்லம் போச்சு.

ஸ்ட்ரைக்கர் விஷயத்துக்கே திரும்பி வர்றேன், இல்லன்னா இதுக்கும் "டாப்பிக் மாத்திட்டான்"னு ஸ்கிரீன்ஷாட் வரும். ரெண்டாவது ஸ்ட்ரைக்கர் வேணும். வேணும்தான். மஞ்ச ஜெர்சி போட்ட யார் வேணா சொல்லலாம், தமிழ்ல சொன்னாலும் அது வேணும்தான்.

அடுத்த ஹோம் மேட்சுக்கு குரூப்புல ஏற்பாடு பண்ணுன டிராவலர் வேன்ல என் சீட்டை வேற ஆளுக்குக் குடுத்துட்டதா தகவல் வந்துச்சு. அட்வான்ஸ் 300 ரூபாய் கட்டியிருக்கேன், ஜிபேல திருப்பி அனுப்பிடுங்க. நான் காலையில பஸ் பிடிச்சு அடிமாலி, நேரியமங்கலம் வழியா ஆலுவா போய், அங்கருந்து மெட்ரோ ஏறி வந்துக்கறேன். ஜெர்சியைத் துவைச்சுக் காயப்போட்டிருக்கேன். மூணு நாளா மழை, இன்னும் காயல.