ஒன்றரை லட்சம் கிளிக் ஆனால் கேமரா செத்துவிடுமா?

"ஷட்டருக்கு ஒன்றரை லட்சம் கிளிக்தான் ஆயுள், அதைத் தாண்டினால் கேமரா குப்பைக்கு, எனவே எண்ணி எண்ணிப் படம் எடுங்கள்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. ஷட்டர் என்பது ஒவ்வொரு படத்துக்கும் திறந்து மூடி ஒளியை உள்ளே விடும் பகுதி. எண் உண்மை, முடிவு தவறு.

கேனான் 5டி மார்க் 4-க்கு 1,50,000, நிக்கான் டி850-க்கு 2,00,000 என்று அந்த நிறுவனங்களே சொல்கின்றன. ஆனால் அது ஆய்வகத்தில் ஷட்டரை இயக்கிச் சோதித்த அளவு. காலாவதித் தேதி அல்ல. அதைத் தாண்டியும் உழைக்கும் கேமராக்கள் உண்டு, முன்பே பழுதாகும் கேமராக்களும் உண்டு. திரைச்சீலை போன்ற மெல்லிய தகடுகளும் ஸ்பிரிங்குகளும் நொடிக்குள் ஓடி நிற்கும் பொறிதான் ஷட்டர். தூசியும் மணலும் ஈரமும்கூட அதைக் கெடுக்கும்.

கெட்டாலும் கேமரா குப்பைக்குப் போவதில்லை. சர்வீஸ் சென்டரில் ஷட்டர் பகுதியை மட்டும் மாற்றலாம். பழைய மாடல் என்றால் அந்தச் செலவு கட்டுப்படியாகுமா என்பது வேறு கணக்கு.

ஆண்டுக்கு 5,000 படம் எடுப்பவருக்கு 1,50,000-ஐத் தொட 30 ஆண்டுகள் ஆகும். அதற்குள் அவரே இரண்டு கேமரா மாற்றியிருப்பார்! ஒரு கல்யாணத்துக்கு 3,000 படம் எடுப்பவர் 50 கல்யாணத்தில் தொட்டுவிடுவார். அவர் மாற்றுக் கேமரா ஒன்றைக் கையில் வைத்திருப்பது நல்லது. டைம்லாப்ஸ் (இடைவெளி விட்டுத் தொடர்ந்து எடுத்த படங்களைக் கோத்து ஓடவிடும் வீடியோ) எடுப்பவர்களும் பழைய கேமரா வாங்குபவர்களும் அந்தக் கேமராவில் இதுவரை ஆன கிளிக் எண்ணிக்கையைப் பார்க்கட்டும்.

தகடுகள் அசையாமல் சென்சாரே மின்னணு முறையில் படத்தைப் பதிவு செய்யும் எலெக்ட்ரானிக் ஷட்டரில் இந்தத் தேய்மானமே இல்லை. 2021-இல் வந்த நிக்கான் இசட்9-இல் இயந்திர ஷட்டரே கிடையாது.