சிசேரியன் முடிந்ததும் இன்னொரு முறை கணக்குப் போடுங்கள்

சிசேரியனுக்குப் பிறகு காலில் ரத்தம் உறைவதைப் பற்றி எந்த மகப்பேறு மருத்துவரிடம் கேட்டாலும் சரியாகச் சொல்வார். கர்ப்பத்தில் ரத்தத்தை உறைய வைக்கும் ஃபைப்ரினோஜென் கூடுகிறது, உறைவதைத் தடுக்கும் புரோட்டீன் எஸ் குறைகிறது, இடது காலில்தான் அதிகம் வரும் என்பதெல்லாம் அத்துப்படி. கேஸ் ஷீட்டைப் புரட்டினால்தான் மனசு கனக்கிறது. எடை எழுத வேண்டிய கட்டம் காலியாகக் கிடக்கும்.

எடை தெரியாமல், ரத்தம் உறையாமல் தடுக்கும் எனாக்ஸாபாரின் ஊசியை எப்படி எழுதுவது? பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் அமைப்பான ஆர்.சி.ஓ.ஜி.யின் 2015 வழிகாட்டியில் 50 கிலோவுக்குக் கீழே 20 மி.கி., 50 முதல் 90 வரை 40, 91 முதல் 130 வரை 60, தினம் ஒரு வேளை. எல்லோருக்கும் 40 என்று கை பழகிவிட்டால் 95 கிலோ பெண்ணுக்கு மருந்து பற்றாது, 46 கிலோ பெண்ணுக்கு அதிகமாகிவிடும்.

அட்மிஷனில் வயது, எடை, வெரிகோஸ் (கால் நரம்புச் சுருள்) எல்லாம் பார்த்து ரத்தம் உறையும் ஆபத்துக்கு மதிப்பெண் போட்டிருப்பார்கள். ஆனால் 24 மணி நேரம் தாண்டிய பிரசவ வலி, ஒரு லிட்டருக்கு மேல் ரத்தப்போக்கு, ரத்தம் ஏற்றியது, காய்ச்சல் எல்லாமே அதற்குப் பிறகு வருபவை. தியேட்டரிலிருந்து வார்டுக்கு வந்ததும் மறுபடி கணக்குப் போடாவிட்டால் பழைய மதிப்பெண்ணால் பயனில்லை. வலி வந்தபின் செய்த சிசேரியன் என்றாலே 10 நாள் ஊசியை யோசிக்கச் சொல்கிறது அந்த வழிகாட்டி. முன்பே தேதி குறித்துச் செய்ததென்றால் கூடுதலாக ஒரு ஆபத்துக் காரணமாவது இருக்க வேண்டும். அமெரிக்க வழிகாட்டி இவ்வளவு தாராளம் கிடையாது. காலுக்குக் காற்றழுத்த உறை மாட்டு, ஊசியை ஆளைப் பார்த்துப் போடு என்கிறது. எதைப் பின்பற்றினாலும் சரி, எழுதி வையுங்கள்.

நேரத்திலும் தவறு நடக்கிறது. ஸ்பைனல் (முதுகில் போடும் மரப்பு ஊசி) போட்டு 4 மணி நேரம் ஆன பிறகே எனாக்ஸாபாரின் ஊசி. முதுகில் மரப்பு மருந்து செலுத்தும் எபிடியூரல் குழாய் இருந்தால் கடைசி ஊசிக்கு 12 மணி நேரம் கழித்து அதை எடுக்க வேண்டும், எடுத்து 4 மணி நேரம் கழித்து அடுத்த ஊசி. ரத்தப்போக்கு நிற்காதவருக்கும், பிளேட்லெட் 75,000-க்குக் கீழே இருப்பவருக்கும் வேண்டாம்.

எனக்கு அதிகக் கோபம் வருவது டிஸ்சார்ஜ் நாளில்தான். 10 நாளுக்கு எழுதிய ஊசி, வீட்டுக்குப் போகும்போது நாலாவது நாளிலேயே நின்றுவிடுகிறது. ஆபத்தோ ஆறு வாரம் நீடிக்கிறது, முதல் மூன்று வாரம் உச்சம். வீட்டில் "பச்சை உடம்பு" என்று தண்ணீரைக் குறைத்து, எழவிடாமல் படுக்க வைப்பார்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். இத்தனை பேரை அனுப்பும் நாம், மீதி ஊசிகளைக் கையில் கொடுத்து, தோலைக் கிள்ளிப் பிடித்து நேராகக் குத்த வேண்டும், குத்திய இடத்தைத் தேய்க்கக் கூடாது, தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம் என்று ஐந்து நிமிடம் சொல்லித்தரக் கூடாதா?

ஒரு கால் மட்டும் வீங்கி வந்தால் டேப் வைத்து இரண்டு கெண்டைக்காலையும் அளந்து பாருங்கள். ரத்த உறைவைக் கண்டறியும் டி-டைமர் ரத்தப் பரிசோதனையை நம்பிக் காத்திருக்காதீர்கள், பிரசவத்துக்குப் பிறகு அது எப்படியும் உயர்ந்துதான் இருக்கும். டாப்ளருக்கு (ரத்தக்குழாய் ஸ்கேனுக்கு) அனுப்புங்கள். முடிவு வரத் தாமதமாகும் என்றால், தடையேதும் இல்லாதவருக்குச் சிகிச்சை அளவு ஊசியை உடனே தொடங்கிவிடுங்கள்.